நான்கெல்லைக்குட்பட்ட கணக்கு

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஓர் அறையின் தரையை முழுக்க மூட, 27 அங்குல அகலமுள்ள கம்பளம் எத்தனை கஜம் வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எண்கணிதப் புத்தகங்களில் இந்த ஜாதிக் கணக்குகள் மலிந்து கிடக்கும். கம்பளம் முடிந்தால் சுவருக்குக் காகிதம் ஒட்டுவது. கதவு, ஜன்னல், கணப்பு இவற்றின் பரப்பைக் கழித்து மிச்சத்துக்கு விலை போடுவது. அந்தப் புத்தகங்களும் அவற்றைப் பார்த்து எழுதப்பட்டவையும் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது, கோரைப்பாயில் படுத்து எழுந்து வந்த பிள்ளைகள் சிரத்தையாகக் கம்பளக் கணக்குப் போட்டு மார்க் வாங்கினார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். கம்பளத்தைத் தூக்கிவிட்டுப் பாயை வைத்தால் கல்வி நம்முடையதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

என் புகார் வேறு. இந்தக் கணக்கு ஆங்கிலேயனுடைய அன்றாடமும் அல்ல. புத்தகம் எதிர்பார்க்கும் விடை, 300 சதுரடியை 2¼ அடியால் வகுத்து வருவது: 44 கஜம் 1 அடி 4 அங்குலம். இந்த அளவுக்கு வாங்கி வந்தால் அந்த அறையில் கம்பளம் ஒழுங்காக விரியாது. கம்பளம் பட்டை பட்டையாக வருகிறது. நீளவாக்கில் போட்டால் 15 அடியை மூட ஏழு பட்டை. ஏழாவதில் ஒரு பகுதி வீண். மொத்தம் 46 கஜம் 2 அடி. குறுக்குவாக்கில் போட்டால் ஒன்பது பட்டை, 45 கஜம். ஒரு பட்டையைத் துண்டு போட்டு ஒட்டுத் தைத்துக்கொண்டாலொழிய புத்தகத்தின் 44 கஜம் யாருக்கும் பயன்படாது. எந்த வாக்கில் விரிப்பது என்று கேட்டிருந்தால் அந்தக் குழந்தை ஏதோ யோசித்திருக்கும். புத்தகம் கேட்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது பெருக்கல் வகுத்தல். கம்பளம் வெறும் போர்வை. டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் (1854) பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் கனவான், குதிரைப் படம் போட்ட காகிதத்தைச் சுவரில் ஒட்டுவாயா, பூப்போட்ட கம்பளத்தைத் தரையில் விரிப்பாயா என்று பிள்ளைகளைக் கேட்கிறார். பூ எனக்குப் பிடிக்கும் என்று சொல்கிற சர்க்கஸ்காரன் மகள் கண்டிக்கப்படுகிறாள். அந்தக் காட்சியைக் கற்பனைக்கும் தகவலுக்கும் நடக்கும் சண்டையாகவே நம் ஆங்கில வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் படுவது, கனவானிடம் தகவலும் இல்லை என்பதுதான். அறை என்றால் என்னவென்று அங்கே தெரிந்தவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

பரப்பளவைக் குழந்தைகளுக்கு அன்றாட வாழ்க்கைப் பிரச்னைகளின் மூலம் கற்பிக்க வேண்டும் என்பது இன்று யாரும் மறுக்காத கொள்கை. யாரும் மறுக்காத கொள்கைகளில் பொதுவாக ஒரு சோம்பேறித்தனம் ஒளிந்திருக்கும். அன்றாடம் என்பது யாருடைய அன்றாடம்? அந்தக் கணக்கின் விடை எங்கே போய்ச் சேருகிறது? புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கா, அல்லது அதனால் லாபமோ நஷ்டமோ அடையப்போகிற ஓர் ஆளிடமா? செவ்வகத்தின் சரித்திரத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கம்பளக் கணக்குக்காரர்கள் கூட்டத்திலேயே ஒருவர் பள்ளிக்கூடத்துக் கணக்கை வெளியே எடுத்துக்கொண்டு போனார். ஜான் வில்லியம் கொலென்ஸோ. ஹாரோ பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1843இல் இவர் வெளியிட்ட எண்கணிதம் இங்கிலாந்தின் பள்ளிகளில் தலைமுறைக் கணக்கில் ஓடியது. 1853இல் தென்னாப்பிரிக்காவின் நடாலுக்கு பிஷப்பாகப் போனார். ஜூலு மொழி கற்று, பைபிளை அதில் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். உதவியாக இருந்த ஜூலுக்காரர், பிரளயத்தின்போது எல்லா மிருகங்களும் ஒரே கப்பலில் ஏறின என்பதெல்லாம் நிஜம்தானா என்று கேட்டுவிட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக பிஷப் கணக்குப் போட ஆரம்பித்தார். 1862இல் வந்த அவருடைய பைபிள் ஆராய்ச்சியின் முதல் பாகம், பாதிக்குப் பாதி பள்ளிக்கூடத்து எண்கணிதம்.

அதில் ஓர் அத்தியாயம் முழுக்க முழுக்கச் செவ்வகத்தின் பரப்பளவு. மோசே சபையார் அனைவரையும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடச் சொன்னார், அவர்களும் கூடினார்கள் என்பது லேவியராகமம். கூடாரத்தின் பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். கொலென்ஸோ இதை 60 கஜம், 30 கஜம் என்று எடுத்துக்கொள்கிறார்: 1800 சதுர கஜம். அதற்குள் நிற்கும் கூடாரம் 18 கஜத்துக்கு 6 கஜம்: 108. கழித்தால் 1692 சதுர கஜம். கதவு ஜன்னலைக் கழிக்கிற அதே கை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கியடித்து நின்றாலும் 5000 பேருக்கு மேல் அதில் கொள்ளாது. போர் செய்யும் வயதிலிருந்த ஆண்கள் மட்டும் 6,03,550 பேர் என்பது அதே வேதத்தின் கணக்கு. கூடாரத்தின் அகலத்துக்கு வரிசை பிடித்து நின்றால் அந்தக் கூட்டத்தின் வால் ஏறக்குறைய இருபது மைலுக்கு நீளும்.

இங்கிலாந்தின் திருச்சபை கொதித்துப் போயிற்று. கேப்டவுன் பேராயர் 1863இல் இவரைப் பதவி நீக்கம் செய்தார். ப்ரிவி கவுன்சில் 1865இல் அந்த நீக்கம் செல்லாது என்றது. வேத நூல்களின் காலத்தையும் கர்த்தாவையும் பற்றி ஜெர்மானிய அறிஞர்கள் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே இன்னும் ஆழமாக எழுதியிருந்தார்கள். அவர்களைப் படித்தவர்கள் சொற்பம். கொலென்ஸோவை எல்லோருக்கும் புரிந்தது. நான்காம் வகுப்பு முடித்தவன் சரிபார்க்கக்கூடிய கணக்கு என்பதால்தான் அத்தனை கோபம். இந்த விமர்சன முறை மட்டமானது, கவிதையை முழக்கோலால் அளப்பது என்று அன்றே சிலர் சொன்னார்கள். இலக்கியவாதி என்ற முறையில் எனக்கும் அதில் உடன்பாடு உண்டு; புராணத்தின் எண் கணக்கனின் எண் அல்ல. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை வெளியிலும் நிஜம் என்று எடுத்துக்கொண்ட ஒரு வாத்தியாரின் நேர்மையை நாம் கௌரவிக்க வேண்டும். அவருடைய புத்தகத்தில் கணக்குப் போட்டுத் தேறிய பல்லாயிரம் பேருக்கு அது தோன்றவில்லை.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. இங்கே பரப்பு என்பது தரைக்கு விரிப்பதல்ல, தரையே. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் எண்சுவடியோடு குழிமாற்று என்ற ஒன்றையும் மனப்பாடம் செய்தான். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வரும் வாய்பாடு அது. முழு எண்ணுக்குப் பெருங்குழி, பின்னத்துக்குச் சிறுகுழி. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம் ஒரு குழி. ஆகவே வர்க்கத்துக்கே குழி என்று பெயர். காலைக் காலால் மாற்றினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. கால் கோல் சதுரமுள்ள இடம் கால் குழி ஆகாது என்பதை, இன்று பெரியவர்களே தடுமாறும் இந்த விஷயத்தை, ஏழெட்டு வயதுப் பையன் ராகம் போட்டு ஒப்பித்தான். முக்காலை முக்காலால் மாற்றினால் அரையே மாகாணி. அர்த்தம் தெரிந்து ஒப்பித்தானா என்பது நம் காலத்துக் கேள்வி. அந்தப் பள்ளியின் கேள்வி, வரப்பில் நிற்கும்போது வாயில் வருகிறதா என்பது.

நிலமும் எண்ணும் நம் மொழியில் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடக்கின்றன. மா என்பது இருபதில் ஒன்று; வேலியில் இருபதில் ஒன்றும் மாதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் 12 அடிக் கோலால் ஒரு குழி 144 சதுரடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றைய அளவில் மா ஏறக்குறைய 33 சென்ட், வேலி 6.6 ஏக்கர். காணி எண்பதில் ஒன்று. அதுவே நிலத்துக்கும் நில உரிமைக்கும் பெயர். பாரதி பராசக்தியிடம் கேட்டது எந்தக் காணி என்பது வகுப்பில் கேட்க நல்ல கணக்கு. வேலியில் எண்பதில் ஒன்று என்றால் 3600 சதுரடி. மாளிகையும் கேணியும் போக அவர் கேட்ட அத்தனை தென்னைக்கும் அதில் இடம் போதாது. செங்கல்பட்டுக் காணி என்றால் 24 கிரவுண்டு, 57,600 சதுரடி, தாராளம். கவிஞர்கள் பொதுவாகப் பெரிய அளவையே மனசில் வைத்திருப்பார்கள்.

இந்தப் பின்ன வெறி எங்கே கொண்டு போய்விடும் என்பதற்குச் சோழர் கல்வெட்டுகள் சாட்சி. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது. இதைச் சோழர்களின் அளவைத் திறனுக்கு அத்தாட்சியாகச் சொல்லி மெய்சிலிர்ப்பது நம் மேடைகளின் வழக்கம். போட்டுப் பார்க்கலாம். 6.6 ஏக்கரை அந்த எண்ணால் வகுத்தால் வருவது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகை வைத்தால் மறைந்துபோகும். அதைக் கோல் பிடித்து எவனும் அளக்கவில்லை. 320ஐ நான்கு முறை பெருக்கி மேலும் ஐந்தால் பெருக்கினால் அந்த எண் வருகிறது. முந்திரிக்குக் கீழ் முந்திரி, அதற்கும் கீழ் என்று பின்ன வரிசையில் இறங்கிக்கொண்டே போன கணக்கனின் எண் அது. வயலில் நடந்த அளவு அல்ல, ஓலையில் நடந்த பெருக்கல். வரி விஷயத்தில் ஓலை எதையும் விட்டுவிடாது என்று காட்டுவதுதான் அதன் பயன். மெய்சிலிர்ப்பதானால் அதற்குச் சிலிர்க்கலாம்.

கோல் விஷயத்துக்கு வருவோம். கோல் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறு. 12 அடிக் கோல், 16 சாண் கோல், 18 அடிக் கோல் எல்லாம் கல்வெட்டுகளில் வருகின்றன. சில கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவன் போய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பாடப் புத்தகம் செய்யாத காரியம் இது: அலகைப் பொதுவில் வைப்பது. 12 அடிக் கோலில் அரையடி குறைந்தால் நீளத்தில் நஷ்டம் நூற்றுக்கு நாலு. ஆனால் அதே நிலத்தின் குழி எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்பது கூடிவிடும். 100 குழிக்கு வரி கட்டினவன் 109 குழிக்குக் கட்ட வேண்டும். பரப்பு நீளத்தின் வர்க்கமாக மாறுகிறது என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாக எந்தக் கரும்பலகையும் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தப் பாடம் திண்ணையில் நடந்ததாகத் தெரியவில்லை. குழிமாற்று எத்தனை குழி என்று சொல்லும். யாருடைய கோல் என்று கேட்காது.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று ஊரில் அளக்கக்கூடியதெல்லாம் அதில் வெண்பாவாகியிருக்கிறது. வட்டத்தின் பரப்புக்குச் சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்லும் அதன் வழி சுத்தமானது. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளையின் எண்ணிக்கையைச் சொல்லும் வழி வேடிக்கையானது. கணக்கைப் பெண்ணை முன்னிலைப்படுத்திச் சொல்வது நம் மரபு. பாஸ்கரரின் லீலாவதியும் அப்படித்தான். கணக்கு நூல்களில் அழகாக விளிக்கப்படும் பெண்களில் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்து படித்தார்கள்? மன்றோ 1822இல் ஜில்லா கலெக்டர்களைக் கேட்டு வாங்கிய புள்ளிவிவரத்தை வைத்து 1826இல் எழுதிய குறிப்பில் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்றிருக்கிறது. தரம்பால் அந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் புத்தகமாக்கி, தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் பிராமணர் அல்லாதாரே அதிகம் என்று எடுத்துக்காட்டியது நியாயமான காரியம். வெள்ளைக்காரன் வந்துதான் எழுத்தறிவித்தான் என்ற பொய்க்கு அது பதில். ஆனால் அதே ஜாபிதாவில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. சேற்றில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை பொதுவாக எட்டாத உயரம்.

குழி என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மண் வெட்டுகிறவனுக்கு அது நிஜமான குழி. வெட்டின மண்ணுக்குக் கூலி தருவதற்காகக் குழியின் நடுவே வெட்டாத மண்திட்டு ஒன்றைச் சாட்சியாக விட்டுவைப்பார்கள். அதன் உயரத்தைப் பார்த்து ஆழத்தைக் கணக்கிடுவது. திட்டின் தலையில் கொஞ்சம் மண் வைத்துத் தட்டினால் கூலி கூடும்; மேஸ்திரி செருப்புக் காலால் அதை உதைத்துப் பார்ப்பான். எண்சுவடியில் இல்லாத கணிதம் இது. இதையும் ஒருவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள், ஓலை இல்லாமல்.

விடை கையிலேயே வந்து விழ வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு தடவை யோசித்தார்கள். 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் கணக்கு கைத்தொழிலிலிருந்து கிளம்ப வேண்டும் என்றிருந்தது. தோட்டப் பாத்தி எத்தனை சதுரடி, அதற்கு எத்தனை விதை. தப்பாகப் பெருக்கினால் நாற்று மிஞ்சும் அல்லது பாத்தி காலியாகக் கிடக்கும். அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதினால் ராட்டையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும், இங்கே இடமில்லை. அது ஒரு சடங்காகிச் செத்தது என்பது தெரிந்ததே. இப்போதைய பாடப் புத்தகங்கள் சதுரக் கட்டம் போட்ட தாளில் இலையை வைத்து, சுற்றி வரைந்து, கட்டங்களை எண்ணச் சொல்கின்றன. நல்ல காரியம். பரப்பு என்பது நிரப்புவது, சுற்றுவது அல்ல என்று குழந்தையின் கண்ணுக்குத் தெரிகிறது. பாதிக்கு மேல் மறைந்த கட்டத்தை ஒன்றாக எண்ணு, பாதிக்குக் கீழானதை விட்டுவிடு என்ற விதியை மட்டும் யாருக்குச் சாதகம் என்று யாரும் கேட்பதில்லை. இலைக்கு வரி இல்லை.

சுற்றையும் பரப்பையும் குழப்பிக்கொள்வது ரொம்பப் பழைய பிசகு. கி.பி. 95 வாக்கில் ரோமாபுரியில் பேச்சுக்கலை வாத்தியாரான குவின்டிலியன், பேச்சாளனுக்கு ஜியோமிதி எதற்கு என்று விளக்கும்போது இதைத்தான் எடுக்கிறார். சுற்றளவு சமமானால் பரப்பும் சமம் என்று பேர்பெற்ற சரித்திராசிரியர்களே நினைத்துத் தீவுகளின் அளவைக் கப்பல் சுற்றிவரும் நாளைக் கொண்டு சொல்லிவிட்டார்கள் என்கிறார். பிறகு சாதாரண எண்கள்: பக்கம் பத்துப் பத்தாக உள்ள சதுரம் 100. பதினைந்தும் ஐந்துமாக நீட்டினால் சுற்று அதே 40, பரப்பு 75. பத்தொன்பதும் ஒன்றுமாக்கினால் வெறும் 19. இலக்கிய விமர்சகன் ஒருவன் முதல் நூற்றாண்டிலேயே நடத்திய இந்த வகுப்பை மிஞ்சி நான் எதையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் ப்ரோக்ளஸ் இதன் இன்னொரு முகத்தைச் சொல்கிறார்: நிலத்தைப் பங்கு போடும்போது சுற்றளவு அதிகமுள்ள துண்டைத் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு, பரப்பு அதிகமுள்ளதைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, யோக்கியன் என்ற பெயரும் வாங்கியவர்கள் இருந்தார்களாம். பாகப் பிரிவினை பார்த்த எவருக்கும் இதை நம்புவதில் சிரமம் இராது.

இதைவிட நுட்பமான பிசகு ஒன்று. நான்கு ஈர்க்குகளை முனையில் நூலால் கட்டிச் செவ்வகமாக வைத்து, ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தள்ளினால் அது சாய்கிறது. இன்னும் தள்ளினால் ஒடுங்குகிறது. கடைசியில் ஈர்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பே இல்லாமல் போகிறது. நீளம் மாறவில்லை, அகலம் மாறவில்லை. நீளத்தை அகலத்தால் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்தபோது மூலை நேராக இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படம் போட்டுக் காட்டியதோடு சரி. நிலம் படம் போட்டதுபோல் இருப்பதில்லை.

கணக்கர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு. இரண்டு பாதிகளையும் பெருக்கு. எகிப்தில் எட்ஃபு கோயிலின் சுவரில் நிலங்களை இப்படித்தான் கணக்கிட்டிருக்கிறது. முக்கோண வயலென்றால் நான்காம் பக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வது. பிரம்மகுப்தர் 628இல் இந்த வழியைச் சொல்லி, இது ஸ்தூலமான பரப்பு என்று பெயரும் வைத்தார். மகாவீரரின் கணிதசாரசங்கிரகம் இதே பேதத்தைக் காட்டுகிறது. அந்த நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியா 1912இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இந்த ஸ்தூல வழிக்கு ஒரு குணம். அது எப்போதும் ஒரே பக்கம்தான் தவறும். சரியான செவ்வகத்தில் சரியான விடை. மற்ற எதிலும் நிஜத்தைவிட அதிகம். தவறுதலாகக்கூட நிலத்தைக் குறைத்துக் காட்டாது. வரி வாங்குகிறவன் கையில் இத்தனை காலம் அது நிலைத்ததற்குக் காரணம் சுலபம் மட்டும்தான் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

பாஸ்கரர் 1150இல் லீலாவதியில் இதைச் சாடியிருக்கிறார். பக்கங்கள் அதேயானாலும் மூலைவிட்டம் மாறினால் பரப்பு மாறும். ஆகவே மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்கிறவன் பிசாசு. அதற்குப் பதில் சொல்கிறவன் அவனைவிடப் பெரிய பிசாசு என்கிற அர்த்தத்தில். கணித நூல்களில் இவ்வளவு கோபத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. விளையாட்டாகப் பெண்ணிடம் பேசிக்கொண்டு போகிற நூலில் திடீரென்று வருவதால் இன்னும் உறைக்கிறது.

வங்கியில் வீட்டுக் கடன் மனுக்களோடு வரும் கிரயப் பத்திரங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பங்கு. சொத்து விவரம் என்ற கடைசிப் பகுதியில் நான்கு எல்லைகளையும் சொல்லிவிட்டு வாசகம் இப்படிப் போகும், எண்கள் மட்டும் நான் இட்டவை: கிழமேல் ஜாதியடி வடபுறம் 30, தென்புறம் 32, தென்வடல் ஜாதியடி கீழ்ப்புறம் 60, மேல்புறம் 58, ஆக 1829 சதுரடி. எப்படி வந்தது 1829? முப்பதும் முப்பத்திரண்டும் கூட்டிப் பாதி 31. அறுபதும் ஐம்பத்தெட்டும் கூட்டிப் பாதி 59. பெருக்கினால் 1829. எட்ஃபு கோயிலின் சுவர், பிரம்மகுப்தரின் ஸ்தூலம்.

அதே பிரம்மகுப்தரின் சூட்சும வழியில் போட்டால், இந்த நான்கு பக்கங்களும் எப்படி நின்றாலும் அதிகபட்சம் 1828க்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றேகால் சதுரடி பெரிய விஷயமில்லை. ஆனால் எதிரெதிர் மூலைகள் 60 பாகைக்குச் சாய்ந்திருந்தால் மனை 1583 சதுரடிதான். பத்திரம் அப்போதும் 1829 என்றே சொல்லும். நான்கு பக்கமும் சரியாக இருப்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது. சர்வே இலாகாவின் புலப்படத்தில் குறுக்குக் கோடு இழுத்து, அதிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்து அளந்து, முக்கோணங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறார்கள். பாஸ்கரர் கேட்டதும் அதைத்தான். ஆனால் அது சர்வே எண்ணுக்கு. ஒரு சர்வே எண்ணைப் பிளாட் போட்டு இருபது முப்பது பேருக்கு விற்கும்போது தனித்தனி மனைக்கு மறுபடியும் நான்கு அளவுதான். முத்திரைத் தீர்வைக்கு வழிகாட்டி மதிப்பைச் சதுரடிக் கணக்கில் பெருக்குவது அந்த 1829ஐ வைத்து. கடனுக்கு மதிப்புப் போடுவதும் பெரும்பாலும் அதை வைத்தே. வாங்குகிறவர் பள்ளியில் பரப்பளவில் முழு மார்க் வாங்கியவராகவும் இருக்கலாம். எழுத்தர் சொல்லச் சொல்ல, அடிகளைப் பாதியாக்கிப் பெருக்கிச் சரி பார்த்து, தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். வாசகத்தில் கிழமேல் உண்டு, தென்வடல் உண்டு, நான்கு பக்கத்துக்காரர்களின் பெயர் உண்டு. மூலைவிட்டத்தின் அளவை எழுதிய ஒரு பத்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.